கூர்த்தட்டும் மொட்டைத்தட்டும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் சவூதியிலிருந்து லீவில் வந்த பளீல், உறவினர் எதிர்பார்த்த போர்வை, டோர்ச் லைட், அத்தர் ஆகியவற்றோடு, யாருமே எதிர்பார்க்காத மூன்று பிளாஸ்டிக் தட்டுகளையும் கொண்டுவந்திருந்தான். எண்ணெய்க் கம்பனி முகாமில் அவன் சமைத்துப்போட்ட அமெரிக்கர்கள், இவற்றைத் தூர எறிந்து கூடையில் விழுத்துவதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்களாம். தூர எறிகிற தட்டுக்கு ‘டிறைவர்’ என்று பெயர். வழியில் சோதனைச் சாவடியில் கேட்டபோது, சோறு தின்கிற பீங்கான் என்று சொல்லித் தப்பினான். சிப்பாய் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஏதோ ஒரு முடிவுக்கு வந்தவனாக வழிவிட்டான்.

பளீலின் தங்கை ஹப்ஸாவைக் கட்டி, மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தவன் நளீர். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் இருக்க வேண்டும். அங்கே அவனுக்கு எல்லாம் பெரியதாகவே கிடைக்கும். பெரிய கதிரை, பெரிய தலையணை, சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து தின்னும்போதும் பெரிய இறைச்சித் துண்டு. நளீர் ஒல்லிப்பிச்சான். அந்தத் துண்டைச் சோற்றுக்குள் புதைத்துப் பக்கத்து ஆளின் பக்கம் மெல்லத் தள்ளிவிடும் கலையை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு நன்றாகக் கற்றிருந்தான்.

பெருநாளன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவனும் அடுத்த வீட்டு மாப்பிள்ளை காலிதீனும் கடற்கரையில் தட்டு எறிவது என்று தெருவே முடிவுசெய்துவிட்டது. தோற்றவனுக்கு ஒரு பட்டப்பெயர் விழும். நளீர் பயந்தது அதற்குத்தான். அந்தத் தெருவில் ஒருவர் எந்தக் காலத்திலோ கருவாட்டுச் சாக்கின் மேல் விழுந்ததற்காக, அவருடைய பேரன் லண்டனில் படித்து வந்தும் ‘கருவாட்டு டொக்டர்’தான். ஹப்ஸாவுக்கு இப்போது ஐந்து மாதம். பிள்ளைக்குப் பெயர் வைக்க முன்னரே ஊர் ஒன்றை வைத்துவிடக் கூடாது.

பளீல் தட்டுகளை மேசையில் பரப்பினான்.

“இன்னா மச்சான், இது கூர்த்தட்டு. விளிம்பப் பாருங்க, கத்தி மாதிரி. கையில நல்ல வேகம் இரிந்தாத்தான் பறக்கும். வேகம் காணாட்டி இடப்பக்கம் சரிஞ்சு விழுந்திரும். இது நடுத்தரம். இந்த ரோஸ், பாரம் குறைவு, விளிம்பு மொட்ட. மெல்லிய கைக்காரருக்கு இதுதான் தூரம் போற.”

“அப்ப எனக்கு?”

பளீல் நளீரின் கையைப் பார்த்தான். பிறகு குசினி வாசலில் நின்ற தன் உம்மாவைப் பார்த்தான்.

“உங்களுக்கு எதுவும் சரி மச்சான்.”

“என்ன கேள்வி மனே இது?” என்றார் ஹவ்வா உம்மா. “ஊட்டுக்கு வந்த மாப்புளைக்கு மொட்டயயா குடுக்கிற? கூரக் குடு!”

நளீர் நான்கு நாட்கள் கடற்கரையில் கூர்த்தட்டோடு மல்லுக்கட்டினான். காரைதீவுப் பக்கம் பார்த்து எறிந்தால் இடப்பக்கம் கடல். தட்டு ஒவ்வொரு முறையும் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் கடலுக்குத் திரும்பியது.

“காத்து மச்சான், காத்து,” என்றான் பளீல். தென்னோலை ஒன்றும் அசையவில்லை.

பெருநாள் காலை, புதுச்சட்டைக்கு அயன் போட்டபடி ஹப்ஸா சொன்னாள்: “பளீல் காக்கா உங்களுக்குப் பொய் சொல்றார். நான் வளவுக்குள்ள அந்த ரோஸ எறிஞ்சு பாத்தன், மதிலுக்கு அங்கால போயிட்டு.”

“நீ எறிஞ்சதையா நான் எறியிற?”

“கடல்ல போடுறத்த விட நல்லம்தானே.”

அஸர் முடிந்து கடற்கரை நிறைந்தது. மூத்தவர் சீனிமுகம்மது மத்தியஸ்தர். அந்த விளையாட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாததால் இரு வீட்டாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. முதல் எறி காலிதீனுக்கு. சீமெந்துக் கடைக் கல்லாவில் இருந்து இருந்து பருத்த கை. அவன் கூர்த்தட்டைத் தவிர மற்றவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. எறிந்தான். தட்டு இடப்பக்கம் சரிந்து இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தது.

“காத்து!” என்றார்கள் அவன் மச்சான்மார் ஒரே குரலில்.

பளீல் இறங்கிப்போய்த் தட்டை எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நளீரிடம் நீட்டினான். நளீர் கடலைப் பார்த்தான். தென்னைகளுக்கடியில் பெண்களோடு நின்ற ஹப்ஸாவைப் பார்த்தான். குனிந்து ரோஸ் தட்டை எடுத்தான்.

யாரோ இருமினார்கள்.

தட்டு நேரே போனது. அடையாளத்துக்கு வைத்த பீப்பாயைத் தாண்டி, கரையில் ஏற்றியிருந்த தோணி ஒன்றின் அருகே பவ்வியமாக இறங்கியது. பளீல் பழக்கத்தில் “காத்து” என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டான்.

சீனிமுகம்மது தாடியைத் தடவி யோசித்தார்.

“தூரம் போனது மெய். ஆனா அது போற தட்டு. போற தட்ட எறிஞ்சா போகத்தானே செய்யும்? காலிதீன் எறிஞ்சது போகாத தட்டு. அதக் கையில எடுக்கவே ஒரு தைரியம் வேணும்.”

நியாயம் என்றது கடற்கரை. மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் ‘மொட்டத்தட்டர்’ என்ற பெயர், நளீருக்கு முன்னமே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. ஹவ்வா உம்மா அன்று அவனுக்கு நடுத்தர இறைச்சித் துண்டு வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக நளீர் பீங்கானில் வைத்ததெல்லாம் தின்று முடித்தான்.

மறுநாள் விடியற்காலை பின்பக்கக் கடப்பு வாசலில் காலிதீன் நின்றான். ஆள் யாரும் இல்லையென்று இரு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

“மச்சான், அந்த ரோஸ் தட்ட ஒருக்காத் தாங்களன். ஆருக்கும் செல்லிராதீங்க.”

நளீர் உள்ளே போனான். மேசையில் மூன்று தட்டுகளும் இருந்தன. ரோஸ் தட்டைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தான். பிறகு, அடுத்த வீட்டு மாப்பிள்ளைக்கு மரியாதையில் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று, கூர்த்தட்டையே எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தான்.