மொட்டைக்கு மடி கொடுத்த மாமன்

திருத்தணியில் மொட்டை போடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் குழந்தை அழாமல் மொட்டை போட வேண்டுமென்றால் வீராசாமி ஒருவர்தான். மலையடிவாரத்து மண்டபத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் மழித்த தலைகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு முனை ரேணிகுண்டாவிலும் மறு முனை மணவூர் பிளாட்பாரத்திலும் இருக்கும். நடுவில் ரயில் போக வழியிருக்காது. அத்தனை தலைகளில் ஒரே ஒரு குழந்தைதான் அழுதிருக்கிறது. அதுவும் கத்திக்குப் பயந்து இல்லை, அதற்குள் முடிந்துவிட்டதே, எழுந்து போக வேண்டுமே என்று.

பக்கத்து மணைப்பலகையில் மொட்டை போடும் பங்காருவின் கதை வேறு. அவர் கத்தியை எடுத்ததுமே அவர் முன்னால் இருக்கிற குழந்தை மட்டுமில்லை, க்யூவில் நிற்கிற குழந்தைகளும் சேர்ந்து கச்சேரியை ஆரம்பித்துவிடும். பங்காரு காதில் பஞ்சு வைத்து, பஞ்சுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார். அப்படியும் அந்தச் சத்தம் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் கேட்பதாகச் சொல்கிறார்கள்.

வீராசாமியிடம் எப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கைராசிங்க."

யாரும் நம்பவில்லை. தெலுங்கில் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்றார் ஒருவர். தண்ணீரில் எதையோ கலக்கிறார் என்றார் இன்னொருவர். மண்டபத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த அனுசுயா ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய மக்கிலிருந்த தண்ணீரை நாக்கில் வைத்தே பார்த்துவிட்டாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது, கொஞ்சம் முடியோடு.

அனுசுயாவுக்கு நாற்பத்தைந்து வயது. பள்ளிப்பட்டில் பத்து வருடம் பியூட்டி பார்லர் நடத்திவிட்டு, ஆறு மாதமாகத்தான் இந்த மண்டபத்தில் மணை போட்டிருக்கிறாள். பெரியவர்கள் தலையை வழவழவென்று முடித்துவிடுவாள். குழந்தை வந்தால்தான் தகராறு.

"சொன்னா இன்னாண்ணா கொறஞ்சிடும்?" என்று தினம் ஒரு தடவை கேட்பாள்.

"சொல்லிட்டா நான் பத்தோட பதினொண்ணு ஆயிடுவேன்மா. இப்ப ஆந்திராவுலேர்ந்து காரு போட்டுகினு வந்து 'வீராசாமி எக்கட?'ன்னு கேக்கறாங்க. நாளைக்கு எவன் கேப்பான்?"

"நீங்க பேரு வாங்கறீங்க. கத்தறது கொழந்தைங்கதானே?"

வீராசாமி உடனே பிளேடை மாற்றத் தொடங்கிவிடுவார்.

பக்கத்தில் யாரும் இல்லையென்றால் ரகசியத்தை இங்கே சொல்லிவிடலாம். மொட்டைக்குக் குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். கத்தியைக் கண்டதும் பயப்படுவது குழந்தை அல்ல, மாமன். எங்கே வெட்டிவிடுமோ என்று அவன் தொடை கல்லாகிவிடும். மடி கல்லானால் குழந்தைக்கு நெருப்பில் உட்கார்ந்த மாதிரி. ஆகவே வீராசாமி குழந்தையைக் கவனிப்பதே இல்லை. மாமனிடம் பேச்சுக் கொடுப்பார். நிலம் எவ்வளவு, டிராக்டர் என்ன கம்பெனி, பங்காளி வரப்பை எத்தனை அடி தள்ளினான் என்று கேட்பார். பங்காளி பேச்சு வந்தால் எந்த மாமனுக்கும் தொடை ஞாபகம் இருக்காது. பஞ்சு மெத்தை மாதிரி தளர்ந்துவிடும். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக எல்லார் கண்ணெதிரிலும் நடக்கிறது. பார்த்தவர்களெல்லாம் அந்த ஆளுக்கு வாய் ஜாஸ்தி என்று மட்டும் நினைத்துக்கொண்டார்கள்.

சிக்கல் அவர் தங்கை ரூபத்தில் வந்தது. யோகலட்சுமிக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை, கவிப்பிரியா. பதினோராம் மாதம் முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டுதல். கிருத்திகையும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்த நாளில், பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். வீராசாமி புது வேட்டி கட்டி, புது பிளேடு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"கத்திய கீழ வைண்ணா. நீ கொழந்தைய மடியில வெச்சிகினு உக்காரணும்," என்றாள் யோகலட்சுமி.

"நான் உக்காந்தா யாரு மொட்ட போடறது? உங்க வூட்டுக்காரரு மடி குடுக்கட்டும்."

"அப்பன் மடியில உக்கார வெச்சா, கொழந்தைக்கு மாமன் இல்லியான்னு ஊரு கேக்கும். நீ குத்துக்கல்லாட்டம் இருக்க, நான் இன்னா சொல்லுவேன்?"

இது வீராசாமிக்கு ஒரு வருடமாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆயிரமாயிரம் மாமன்களை எதிரே உட்கார வைத்தவருக்குத் தானும் ஒரு மாமன் என்பது மட்டும் தோன்றவேயில்லை.

பங்காரு ஆவலோடு காதில் வைக்கப் பஞ்சை எடுத்தார். யோகலட்சுமி அவரைத் தாண்டிப் போய் அனுசுயா முன்னால் நின்றாள். "பொம்பள கை. மெத்துனு இருக்கும். நீ போடும்மா."

வீராசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். அது அவர் மீசையைப் பார்த்துச் சிரித்தது. அனுசுயா தலையை நனைத்துக் கத்தியைக் கையில் எடுத்தாள். அந்தக் கணம் வீராசாமியின் இரண்டு தொடைகளும் கருங்கல்லாயின. மலை மேல் கோயில் கட்டியபோது கிடைத்திருந்தால் அப்படியே தூக்கி வைத்திருப்பார்கள்.

கவிப்பிரியா வாயைத் திறந்தாள். மலையில் மணியடித்தது யாருக்கும் கேட்கவில்லை. கிலுகிலுப்பை, பிஸ்கட், அப்பாவின் செல்போன் எதுவும் எடுபடவில்லை. அழுது அழுது மூச்சை இழுத்தாள். மணி பத்து ஐந்து.

"அண்ணா, பதினாலு வருசம்ணா," என்றாள் யோகலட்சுமி.

வீராசாமி தங்கையைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். பிறகு அனுசுயாவைக் கிட்டே வரச்சொல்லி, "கொழந்தைய உடு. என் தொடைய தொட்டுப் பாரு," என்றார்.

அவள் விரலால் தட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா இது, ஆட்டுக்கல்லு மாதிரி கீது?"

"அதான் சங்கதி. மாமன் மடி எளகினா கொழந்த அழாது. எனுக்குப் பேச்சுக் குடு."

அனுசுயா அவரை முழுசாக ஒருமுறை பார்த்தாள். "இம்மாத்தூண்டு விசயத்துக்கா ஆறு மாசம் கெஞ்ச வுட்டீங்க?"

"திட்டறத அப்பறம் திட்டு. டயமாவுது."

அவளும் கேட்டாள். நிலம் எத்தனை ஏக்கர், பங்காளி யார், வரப்பு எங்கே. ஆனால் எதற்காகக் கேட்கிறாள் என்று தெரிந்த மாமன் ஆயிற்றே. ஒவ்வொரு கேள்விக்கும் 'இப்போது நான் தளர வேண்டும்' என்று நினைத்தார்; நினைக்க நினைக்க இன்னும் இறுகினார். குழந்தை சுருதியை ஏற்றியது. மணி பத்தே கால்.

அனுசுயா ஒரு நொடி யோசித்தாள். பிறகு கத்தியை மூன்று விரலால், புருவம் திருத்துகிற தினுசில் பிடித்துக்கொண்டு நெற்றிக்கு நேரே, தலைக்கு ஒரு ஜாண் தள்ளி, காற்றில் வீசிக் காட்டினாள்.

"ஏம்மா, இன்னா பிடி அது? பென்சிலா சீவற?" என்று வீராசாமி பாய்ந்தார். "நாலு வெரலு மேல, கட்ட வெரலு கீழ. ஆங். படுக்க வெச்சுப் புடி. நெத்தியிலயா ஆரம்பிப்பாங்க? உச்சிலேர்ந்து எறங்கு. உச்சிக்குழி கிட்ட அழுத்தாத, சுத்திகினு வா."

"இப்டியாண்ணா?"

"இடது கையி சும்மா கீதே, அதுக்கு வேல குடு. தோல பின்னால இழு. இழுத்தாதான் கத்தி வழுக்கும். காது கிட்ட வந்துட்டியா, காத உள்ளங்கையால மூடு. சரசரன்னு சத்தம் கேட்டா மெரளும். பின்கழுத்துக்கு நீ தலைய அமுக்காத, கீழ ஒரு வளையல போடு, அதுவா குனியும்."

பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது. கையை ஆட்டினார், காற்றில் கத்தி பிடித்துக் காட்டினார். ஜுரம் வந்த குழந்தை, சுழி இரட்டையாக உள்ள குழந்தை, மாமனே குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று இருபத்திரண்டு வருடமும் கொட்டியது. தொடை எப்போது இளகியது என்று அவருக்கே தெரியாது. கவிப்பிரியா அவர் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு, தன் முடி தன் மேலேயே விழுவதை வேடிக்கை பார்த்தாள். பங்காருவும் மற்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில் மண்டபம் முழுக்க அரை மொட்டைகள் காத்திருந்தன.

பத்து இருபத்தாறுக்குச் சந்தனம் பூசியாகிவிட்டது. யோகலட்சுமி குழந்தையை வாங்கிக்கொண்டு படியேறப் போனாள்.

மடி காலியானதும்தான் வீராசாமி பேச்சை நிறுத்தினார். மெல்லக் கேட்டார்: "நீ வேணும்னே தப்பா புடிச்சியா?"

"பத்து வருசம் புருவம் எடுத்த கைண்ணா. பிடி தானா தப்புமா?"

அவர் எழுந்து வேட்டியை உதறினார். பங்காரு ஏற்கனவே எதிரிலிருந்த மாமனிடம், "டிராக்டரு இன்னா கம்பெனிங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் காதில் மறுபடியும் பஞ்சை வைத்துவிட்டதால் அந்த ஆள் சொன்ன பதில் அவருக்கு விழவில்லை; ஆகவே திரும்பவும் கேட்டார். மாமன் முறைத்தான். தொடை இறுகிற்று. குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

வீராசாமிக்குப் பொறுக்கவில்லை. "யோவ், முதல்ல பஞ்ச எடுய்யா," என்று சொல்லிக்கொண்டே பங்காரு பக்கத்தில் போய்க் குந்தினார். "அனுசுயா, நீயும் வா. மாமன் கோவக்காரனா இருந்தா அதுக்கு வேற வழி கீது."