கழற்றி வைத்த கடிகாரம்

அந்த மனிதருக்குப் பட்டறையில் வைத்திருந்த பெயர் ‘கீறல்’. கூப்பிடும்போது மரியாதைக்கு ஒரு ‘சார்’ சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரு வாட்ச் விலைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம் என்கிற ரகங்கள் மட்டுமே வந்து போகிற பட்டறை அது. அங்கே இருபத்தெட்டு வருஷமாகப் பாலிஷ் போடுகிற வேலை அவருக்கு. முகம் பார்க்கலாம் போல மின்னும் உலோகத்தில் மயிரிழைக் கோடு விழுந்தாலும், வெளிச்சத்தில் ஒரே ஒரு திருப்புத் திருப்பிக் கண்டுபிடித்துவிடுவார். சரி, அது பிழைப்பு. பட்டறையோடு விட்டாரா என்றால் அதுதான் இல்லை. லிஃப்ட் கதவில் கீறல், தட்டில் கீறல், எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் மூக்குக்கண்ணாடியில் கீறல். மகள் தான் கட்டிக்கொள்ளப் போகிறவனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துவந்த நாளில்கூட, மனுஷன் பையனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

“பையன் நல்ல மாதிரிதான். ஆனா வாட்ச்சை இப்படியா வச்சிக்கிறது?” என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருக்கென்று சொந்தமாக ஒரு வாட்ச் உண்டு. இருபது வருஷம் வேலை பார்த்ததற்காக முதலாளி கொடுத்தது. மேலிருந்து கீழ்வரை பளபளவென்று கண்ணாடிப் பாலிஷ். இந்த மாதிரி வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஒரு வாரத்தில் நாலு கோடு விழுந்துவிடும். வாடிக்கையாளர்களிடம் அவரே அப்படித்தான் சொல்வார். ஆனால் அவருடையதில் எட்டு வருஷத்தில் ஒரு கோடு கிடையாது. சொன்னால் நம்பமாட்டீர்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது வலது கை. காய்கறிப் பையைத் தூக்குவது வலது கை. இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் நுழைந்ததே கிடையாது. கதவு, மேசை, சுவர் எதன் பக்கமும் போகாமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரும்.

“இடது கை நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கு. அதுக்கிட்ட வேலை சொல்லக்கூடாது,” என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் அது நடந்தது. வேலைக்குக் கிளம்புகிற நேரம். அடுக்களைப் பரணிலிருந்து ஏதோ டப்பாவை எடுக்க அவள் ஸ்டூலில் ஏறியிருக்கிறாள். ஸ்டூல் வழுக்கிவிட்டது. விழுந்த சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தார். வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்றார். வாட்ச்சின் கொக்கியைத் தளர்த்தினார், கழற்றினார், பத்திரமாக ஒரு பக்கம் வைத்தார். அதற்கப்புறம் குனிந்து அவளைத் தூக்கினார்.

ஒரு நிமிஷம் என்பது பேச்சுக்குச் சொல்வது. மிஞ்சிப்போனால் பதினைந்து வினாடி இருக்கும். அதன்பிறகு அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, இடுப்பெலும்பு ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் அவர்தான். பதினோரு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கினார். அவளுக்குத் தலைவாரிப் பின்னக்கூடக் கற்றுக்கொண்டார். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும், அது வேறு விஷயம்.

அவர்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனாள். நடக்கப் பழகும் வரைக்கும் என்று பேச்சு. மூன்று மாதம் ஓடிவிட்டது. கைத்தடியோடு நன்றாகவே நடக்கிறாள். படி ஏறலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் “வீட்டுக்குப் போகலாமா?” என்று இவர் கேட்டால், “இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே” என்கிறாள். முதல் தடவை சரி என்றார். இரண்டாவது தடவையும் சரி என்றார். மூன்றாவது தடவை, இது மாடிப்படிப் பிரச்சினை இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

கோபித்துக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள். “பஸ்ஸு கெடைச்சுதா?” என்று கேட்பாள். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்கிற மாதிரி. முப்பத்தோரு வருஷம் வாய் ஓயாமல் தன்னைத் திட்டியும் கேலி செய்தும் வந்தவள் இப்படி மரியாதையாகப் பேசினால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இவள் வரவே மாட்டாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

கடைசியில் மகள்தான் வாயைத் திறந்தாள். அவரை வழியனுப்பக் கீழே வந்தவள் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“அப்பா, ஒண்ணு கேட்கணும். அம்மா விழுந்தன்னைக்கு, வாட்ச்சைக் கழட்டி வச்சிட்டுத்தான் தூக்கினீங்களா?”

அவர் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. “கழட்டியிருப்பேன்.”

“இருப்பேனா?”

“கழட்டினேன்.”

“அம்மா அதை எத்தனை தடவை சொல்லிட்டாங்க தெரியுமா? அழக்கூட இல்லப்பா. யாரோ மூணாம் மனுஷங்க வீட்டுல நடந்த மாதிரி சொல்றாங்க. எனக்குத்தான் கேட்கக் கேட்க என்னமோ பண்ணுது.”

ஆடிப்போய்விட்டார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். தூக்கினேனே, ஓடினேனே, ராப்பகலாகப் பக்கத்திலேயே கிடந்தேனே என்று உள்ளுக்குள் வழக்காடிக்கொண்டே வந்தார். எதிர்த்தரப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. அவ்வளவும் செய்தது நிஜம்தான், அதற்கு முன்னால் அந்தப் பதினைந்து வினாடியும் நிஜம்தான்.

மறுநாள் மத்தியானம், பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், தன் வாட்ச்சை மேசையில் வைத்தார். கூரான எஃகு ஊசி ஒன்றைக் கையில் எடுத்தார். இரண்டு தடவை முனை உலோகத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்துவிட்டது. கை கேட்கவில்லை. ஆயுசு முழுக்க எதை அழித்தாரோ அதைப் போடு என்றால் கை எப்படிக் கேட்கும்? மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. கிரீச்சென்ற அந்தச் சத்தத்தில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணில் நீர் முட்டியது. அதற்கடுத்து, யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கியது போல ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் கதவைத் திறந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். மனைவி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, இன்னைக்கு வந்திருக்கீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அவர் இடது கையை அவள் மடிக்கு நேராக நீட்டினார். “பாரு.”

அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரே ஒரு திருப்புத் திருப்பினாள்.

“நீங்களே போட்டதா?”

“நானேதான்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியும்.”

அவள் இன்னும் கையை விடவில்லை. விரல்நகத்தால் அந்தக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள்.

“நேரா இருக்கு, நூல் பிடிச்ச மாதிரி,” என்றாள். “கண்ணாடி மேல போடல. ஓரத்துல போடல, ஓரத்துல போட்டா, தேய்க்கும்போது உருவம் கெட்டுடும். பக்கவாட்டுல போட்டிருக்கீங்க. அங்கதான் தகடு நல்லா தடிமன்.” தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். “இது பாலிஷ்ல போயிடும் இல்ல?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தெட்டு வருஷம் சோற்றைப் பிசைந்துகொண்டே அவளிடம் பேசியது இந்தப் பேச்சுத்தானே! எந்தக் கீறல் போகும், எந்தக் கீறல் போகாது, எங்கே எவ்வளவு தேய்க்கலாம் என்று அவரைவிட அவளுக்குக் கரதலப்பாடம். சத்தியமாக அவர் இடம் பார்த்துப் போடவில்லை. கையே தேடிக்கொண்ட இடம் அது. அதுதான் அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

“போயிடும்,” என்றார்.

அவள் கையை விட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மூன்று மாத மரியாதை அவள் குரலிலிருந்து போய்விட்டது.

“எனக்கு வாட்ச் மேல கோவமே இல்லைங்க. அது என்ன பண்ணும் பாவம்? கீழ விழுந்ததும் எனக்கு ஒரு பயமும் இல்ல. நீங்க ஓடி வர்ற சத்தம் கேட்டுது. வந்துட்டாரு, இனிமே அவர் பாத்துக்குவாருன்னு நிம்மதியா கண்ணை மூடிட்டேன். கை படும் படும்னு பாக்கறேன், படவே இல்ல. கண்ணைத் திறந்தா, நீங்க எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க. கைத்துண்டை எடுத்து நாலா மடிக்கிறீங்க. மடிச்சு, அது மேல வாட்ச்சை மல்லாக்க வைக்கிறீங்க. குழந்தையைப் படுக்கப் போடற மாதிரி. அதைப் பாத்துக்கிட்டே தரையில கெடந்தேன்.”

துண்டு. அதை அவர் மறந்தே போயிருந்தார்.

“கை பழகிப்போச்சும்மா,” என்றார். “பட்டறையில விலை ஒசந்த பொருளைத் தொடறதுக்கு முன்னாடி, நம்ம கையில இருக்கிற வாட்ச்சு, மோதிரம் எல்லாத்தையும் கழட்டிடணும். நம்மது பட்டு அதுல கீறல் விழுந்துடக்கூடாது. இருபத்தெட்டு வருஷமா தினமும் செய்யறது. எதைத் தூக்கப் போனாலும் கை தானா…”

அவள் முகம் மாறியது. கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

“அப்போ என்மேல பட்டுடக்கூடாதுன்னா கழட்டினீங்க?”

கேட்ட குரலில் ஆசை இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சுகிற ஆசை. சொன்னால் போதும், இப்போதே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாளைக்குக் காலையில் வீட்டில் அவள் குரல் கேட்கும். அவரும் வாயைத் திறந்துவிட்டார். பட்டறை வழக்கம் என்று அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. ஆனால் பட்டறையில் அவர் தன் வாட்ச்சை எப்படிக் கழற்றுவார்? மேசை இழுப்பறையைத் திறந்து, எங்கே விழுகிறது என்றுகூடப் பார்க்காமல் பஞ்சுக் குவியலில் போட்டு மூடுவார். அவர் கண்ணெல்லாம் எதிரே இருக்கிற பொருளின் மேல்தான் இருக்கும். துண்டை மடிப்பதும் முதுகைக் காட்டுவதும் அந்த வழக்கத்தில் எங்கே இருக்கிறது?

“இல்ல,” என்றார். “உனக்காக இல்ல. வாட்ச்சுக்காக. நீ விழுந்து கெடந்ததைப் பாத்தேன். வலியில முனகினதும் கேட்டுது. எல்லாம் தெரிஞ்சும் அதைத்தான் முதல்ல பத்திரம் பண்ணேன்.”

சொல்லிவிட்டு அழுதார். சத்தம் வராமல் அழ அவருக்குத் தெரியாது. உள்ளறையில் மகள் எழுந்த சத்தம் கேட்டது, ஆனால் அவள் வெளியே வரவில்லை. மனைவி அவரைத் தேற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

“ஆமான்னுதான் சொல்வீங்கன்னு நினைச்சேன்,” என்றாள். “சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். கூடவே கிளம்பியும் வந்திருப்பேன்.”

“தெரியும்.”

“வந்துட்டு, அது நிஜமா பொய்யான்னு சாகற வரைக்கும் யோசிச்சிட்டு இருந்திருப்பேன்.”

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

“நாளைக்கு வர்றேன். வண்டி சொல்லிடுங்க. ஆனா ஒண்ணு. இதை நான் மறக்கமாட்டேன். நாம நல்லா சிரிச்சுப் பேசிட்டு இருக்கும்போது திடீர்னு ஞாபகம் வரும். அப்போ நான் பேசாம எழுந்து அந்தப் பக்கம் போயிடுவேன். என்னாச்சுன்னு பின்னாலயே வந்து கேட்கக்கூடாது.”

“கேட்கமாட்டேன்.”

“சமாதானமும் பண்ணக்கூடாது. அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு இல்லாமப் பண்ணப் பார்க்கக்கூடாது. அது இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.”

“சரி,” என்றார்.

அவள் எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அவர் அவசரமாக இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்த்திருந்த கைத்தடியை எட்டி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தானாகவே எழுந்து நின்றாள்.