டேங்கின் அடித் தண்ணீர்

1

இக்கதை ஒரு தவறான பார்வையிலிருந்து பிறந்தது. படகுகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் வேறொருவருக்காகக் காத்து அமர்ந்திருந்தேன். அப்போது ஒரு பெண் கண்ணாடிப் புட்டியொன்றைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே இருந்தது தேன் என்றே நினைத்தேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள்; முகம் சுளித்தாள்; புட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அருகே சென்று பார்த்தேன். மேலே பொன்னிறத்தில் டீசல், அடியில் நிறமற்ற தண்ணீர், இரண்டுக்கும் நடுவே பாலாடை போன்ற ஒரு படலம், ஆனால் கறுப்பு. அவள் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இக்கதை தேவைப்பட்டிருக்காது.

ஆகவே கீழே வருபவள் அவளல்லள். முகச்சுளிப்பை மட்டும் கடன் வாங்கியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக இருந்தது." (நீக்கினேன். கடலோரக் கதைகளுள் பெரும்பாலானவை இவ்வாறே தொடங்குகின்றன. மேலும், இது ஓர் இரும்பு டேங்கின் கதை.)

இரண்டாம் தொடக்கம்: "டீசல் எனப்படுவது யாதெனில்" (இவ்விடத்தில் என் மனைவி எட்டிப் பார்த்து, "இதுக்கு மேல யாரு படிப்பாங்க?" என்று கேட்டாள். நிறுத்திக்கொண்டேன்.)

மூன்றாம் தொடக்கம் நிலைத்தது:

அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு படகு வைத்திருந்தனர். சுக்கான் அண்ணனுடைய பொறுப்பு. இன்ஜின் தங்கையுடைய பொறுப்பு. டீசலை முகர்ந்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவதால் அவளைத் துறை முழுவதும் 'மூக்கி' என்று அழைத்தது. அவளும் அப்பெயரைப் பட்டம் போலவே சுமந்தாள். அண்ணிக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான்; குறிப்பாக, அவளுடைய இன்ஜின் அறையின் வாசலில் நின்று தேடிக்கொண்டிருந்தான்.

3

(டேங்கைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பொறுத்தருள்க.)

டீசலுக்குத் தண்ணீர் பகை. அரை வயிற்றோடு நிற்கும் டேங்கில் மீதி இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. இரும்பு குளிரும்போது அக்காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து வழிகிறது. தண்ணீர் கனமானது, ஆகையால் டீசலைக் கடந்து அடியில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறுகின்றன. குடிக்கத் தண்ணீர், உண்ண டீசல், வேறென்ன வேண்டும்? அவை பெருகிக் கருஞ்சளியாகப் படர்கின்றன. அவற்றைக் கொல்ல மருந்து உண்டு. ஆனால் முதலில் அடித்தண்ணீரை வடிக்க வேண்டும், பிறகு மருந்து, அதன் பிறகு டேங்கைக் கழுவி எடுக்க வேண்டும். ஏனெனில் கொல்லப்பட்டவை எங்கும் போய்விடுவதில்லை.*

* இவ்வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கதைக்குத் தேவையானதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பிடித்திருக்கிறது. இருந்தும் விட்டுவைக்கிறேன்.

4

அலை மிகுந்த மாதங்களில் படகைக் கட்டிவைத்தபோது அண்ணன் சொல்லியிருந்தார்.

"டேங்க்க ரொப்பி வெச்சிடு. அரைகுறையா விட்டா உள்ள வேர்க்கும்."

"கெட்டுப்போற பண்டத்த எதுக்குண்ணா ரொப்பி வெக்கணும்? கெளம்பும்போது புதுசா ஊத்திக்கலாம்."

"ம். இன்ஜின் உன்னுது. உன் இஷ்டம்."

அந்த இஷ்டம்தான் இப்போது அவள் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. புறப்பாட்டுக்கு முந்தைய நாள் டேங்கின் அடிக்குழாயைத் திறந்தாள். கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு கறுப்பாக ஒரு கட்டி வந்து அடைத்துக்கொண்டது. கம்பி விட்டுக் குத்தினாள். மீண்டும் அடைத்தது.

முறையாகச் செய்தால் புறப்பாடு தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அண்ணன் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் அண்ணியின் தம்பி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

"என்னக்கா, டேங்க்குக்கு சளி புடிச்சிருக்கா?" என்றான் அவன் வாசலிலிருந்து, உள்ளே நடப்பது புரியாமல், கேலிக்கு.

"உனக்குப் புடிச்சா சொல்லு, இதே மருந்துதான்" என்றாள். மருந்துப் புட்டியைத் திறந்து, அதில் எழுதியிருந்த அளவைவிடத் தாராளமாக டேங்கில் கவிழ்த்தாள்.

(இங்கே எனக்கு அவள் மேல் ஐயம் எழுந்தது. இவ்வளவு தெரிந்தவள் இதைச் செய்வாளா? செய்ய மாட்டாள் என்று எழுதிப் பார்த்தேன். அவள் உடனே ஒரு கையேடாக மாறிவிட்டாள். எனவே செய்தாள்.)

5

மறுநாள் காலை டீசல்காரர் குழாயை நீட்டிப் புது டீசலை நிரப்பினார். பல ஆண்டுகளாக அவர்களுக்கு ஊற்றுபவர் அவரே. பாய்ந்த வேகத்தில் அடியில் கிடந்தது அனைத்தும் கலங்கி எழுந்தது. யாரும் பார்க்கவில்லை, இரும்புக்குள் யார் பார்ப்பது?

துறைமுக வாயிலில், இருபுறமும் கற்கள் அடுக்கிய குறுகலான இடத்தில், இன்ஜின் இருமியது, மீண்டும் இருமியது, நின்றது.

"என்னாச்சு?" மேலிருந்து அண்ணன்.

"ஃபில்டர் அடச்சிருக்கு."

"இங்கயா அடைக்கணும்?"

"இடம் பாத்தா அடைக்கும்? நீ கல்லு பக்கம் போகாம பாத்துக்க."

படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலா காட்டியது. அண்ணன் நீண்ட கழியை எடுத்துக் கல்லில் ஊன்றித் தள்ளினார். கீழே அவள் ஃபில்டரைக் கழற்றினாள். அது மை பூசியதைப் போல இருந்தது. அதன் கண்ணாடிக் கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. புதியதை மாட்டினாள், திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினாள். முதலில் நுரை, அப்புறம் நுரை, அப்புறமும் நுரை. குழாய்க்குள் புகுந்த காற்று முழுவதும் வெளியேறி டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்கினாள். இன்ஜின் பிடித்தது. மேலே கழி முறியும் ஓசை கேட்டது, படகு முறியவில்லை.

கரைக்குத் திரும்பியதும் அண்ணன் கீழே இறங்கி வந்தார். "கையில சூடு பட்டுச்சா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. அதன் பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தார்.

"தண்ணி." அவருடைய குரல் தணிந்தது. "பழசோட அடித்தண்ணிய நீ வடிச்சிருப்ப. காலையிலதான ஊத்தினான். நம்மகிட்டயே கலப்படம் பண்ணிட்டானா?"

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க வேண்டியதைவிட நெடுநேரம் துடைத்தாள்.

6

முதல் வரைவில் அண்ணனைக் கொடியவராக்கியிருந்தேன். அது வசதியாக இருந்தது. கொடியவரிடம் பொய் சொல்பவளை வாசகர் மன்னித்துவிடுவார். ஆனால் சூடு பட்டதா என்று அவரைக் கேட்கவைத்த பிறகு, அவர் என் கையை விட்டுப் போய்விட்டார். இப்போது அவர் நல்லவர், கோபத்தில் இருக்கிறார், தவறான திசையில் நடந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னே

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பின்னே அவள் நடந்தாளா, தயங்கினாளா என்று தீர்மானிக்க இயலவில்லை. நடந்தாள் என்றே கொள்க.)

7

டீசல்காரரின் முற்றத்தில் மற்றப் படகுக்காரர்கள் சிலர் நின்றிருந்தனர். அண்ணியின் தம்பியும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தான்.

"தண்ணிய வித்து காசாக்கறியா நீ?" என்றார் அண்ணன். "கல்லுல மோதியிருந்தா ரெண்டு பேரும் இல்ல."

டீசல்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளிறியது. "காலையில இதே டீசல எத்தனை படகுக்கு ஊத்தியிருக்கேன். எதாவது நின்னுச்சா?"

"அவங்க இன்னும் திரும்பி வரல."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். மற்றொருவர் மெல்லத் தன் டீசல் கேனைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வையை டீசல்காரர் கவனித்தார்.

"டிரம் அடியிலேர்ந்து எடுத்துக் காட்டு" என்றார் அண்ணன்.

"அடியில ஏது? வித்துத் தீந்துபோச்சு. கழுவிக் கவுத்துட்டேன்." கழுவி வைக்கும் நல்ல பழக்கமே அவரை மாட்டிவிட்டது. அவர் சுற்றிலும் பார்த்தார்; அவளைக் கண்டதும் தெம்பு வந்தது. "இதோ, மூக்கி இருக்காளே. அவ சொல்லட்டும். தண்ணி என்கிட்டேர்ந்து வந்ததுன்னு அவ சொன்னா, நான் ஒத்துக்கறேன். கடைய மூடிடறேன்."

"சரிதான்" என்றார் அண்ணன். "நீ சொல்லும்மா."

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள். அண்ணன் இன்ஜின் சாவியை வாங்கி மைத்துனன் கையில் வைக்கிறார். (நீக்கினேன். உண்மை சொன்னால் இதுதான் கதி என்று அச்சுறுத்துவது போல் இருந்தது.)

முடிவு ஆ: அவள் உண்மையைச் சொல்கிறாள். அண்ணன், "பரவால்ல, விடு" என்கிறார். (இதையும் நீக்கினேன். கழி முறிந்த கையோடு நிற்பவர் அவ்வளவு விரைவில் அப்படிச் சொல்ல மாட்டார்.)

முடிவு இ: அவள் பொய் சொல்கிறாள். டீசல்காரர், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலைகுனிகிறார். அதற்குப் பிறகு அவர் கடை இருந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள்

(இதை நீக்கவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை.)

அவள் அஞ்சுவது சாவியைப் பற்றி என்றே நான் இதுவரை எண்ணியிருந்தேன். முற்றத்தில் அவளை நிறுத்திய பிறகுதான் வேறொன்று தெரிந்தது. அவள் எதைச் சொன்னாலும் அண்ணனும் டீசல்காரரும் நம்புவார்கள். யாரும் சோதித்துப் பார்க்கப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் அவளுடைய சொல்லுக்கு இந்த மதிப்பு இன்றோடு போய்விடலாம். பொய்யைச் சொன்னால் மதிப்பு அப்படியே இருக்கும்.

பாடநூலில் கோடிட்ட இடம் விடுவோர் விடையைப் பின்பக்கத்தில் அச்சிட்டு வைப்பார்கள். எனக்குப் பின்பக்கம் இல்லை. அவள் வாயைத் திறந்துவிட்டாள். டீசல்காரர் நிம்மதியாகக் கைகட்டி நிற்கிறார். இனி உங்கள் முறை.

"அண்ணா, அந்தத் தண்ணி ______________"