குளம் முடியட்டும்

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வை பார்த்ததில் அவளுக்குக் கறையம்மா என்று பெயர் விழுந்திருந்தது. வெளுத்து வந்த விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, வேறு யார் கண்ணுக்கும் படாத கறையைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். கணவன் போய்ப் பல வருடமாகியிருந்தது. ஓய்வு பெற்ற கையோடு ஒரே மகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மகள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மருமகன், இவள். மூன்று அறைகள். பின்னால் சும்மா கிடந்த கொஞ்சம் நிலம்.

அந்த நிலத்தில் நீச்சல் குளம் கட்ட வேண்டும் என்பது மகளின் ஆசை. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குக் கோடு போட்டவள், தனக்கென்று போட்ட ஒரே கோடு இதுதான். இருபதடி நீளம், பத்தடி அகலம்.

"எனக்கு முப்பத்தஞ்சு முடியறதுக்குள்ள நீச்சல் கத்துக்கணும்மா."

"தலைக்கு ஊத்தினாலே கண்ணை இறுக்கி மூடிக்கிறவ நீ."

"அதுக்குத்தான்."

ஆழத்தை முடிவு செய்ய ஒரு நாள் அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்துத் தோள் உயரத்துக்குப் பென்சிலால் கோடு கிழித்தாள். அம்மாவே குள்ளம்.

"இதுக்கு மேல தண்ணி நிக்காது. தவறி விழுந்தாலும் நீ எழுந்து நின்னு என்னைத் திட்டணும்ல."

அதைக் கேட்டு மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அதிகம் பேசாதவன். மாமியாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வான். அவள் அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பதிலும் அதே வழியில் திரும்பி வரும்.

மேஸ்திரி ஆட்களோடு வந்து தோண்ட ஆரம்பித்தார். எட்டாம் நாள் மதியம் மகள் அலுவலகத்தில் தலை வலிக்கிறது என்று மேசைமேல் தலை சாய்த்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். கொண்டுபோனது கறையம்மா வேலை பார்த்த அதே மருத்துவமனைக்கு. இவள் அங்கே போனபோது மகளை முகம்வரை மூடிவிட்டிருந்தார்கள். விரிப்பின் ஓரத்தில் பழைய கறை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. மாற்றச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

உறவும் நட்பும் வந்து அழுது, சாப்பிட்டு, ஆறுதல் சொல்லிப் போனார்கள். பின்கதவை மட்டும் யாரும் திறக்கவில்லை. இரண்டு முறை மழை பெய்து குழியில் செம்மண் தண்ணீர் தேங்கியது. மகள் போன பன்னிரண்டாம் நாள் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். துண்டைக் கையில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கேக்கவே நாக்கு கூசுது. ஆனா மண்ணு சரிய ஆரம்பிச்சிருச்சு. இப்படியே விட்டா பக்கத்து மதிலும் சேர்ந்து இறங்கிடும். மூடிடவா, கட்டவா? ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"கட்டுங்க" என்றார்கள் மாமியாரும் மருமகனும், ஒரே நேரத்தில். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேலை நடந்த நாள்களில் அந்த வீட்டில் பேச்சு இருந்தது. அவன் கடையிலிருந்து வந்ததும் அவள் அன்றைய கதையைச் சொல்வாள். கம்பி கட்டி முடித்துவிட்டார்கள். கான்கிரீட் போட்டாயிற்று, மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் செல்லும் இடத்தில் மகளின் படத்தில் ஒரு மாதிரி இருக்கிறது, மேஸ்திரி வேறு மாதிரி சொல்கிறார். அவன் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து மனைவியின் பொடி எழுத்தைத் தன் பூதக்கண்ணாடியால் படித்துக் காட்டுவான். "இந்த இடத்துல வடிகட்டி வரணும்னு எழுதியிருக்கா அத்தை" என்பான். எழுதியிருக்கா. அந்தச் சொல்லுக்காகவே அவள் மறுநாளும் ஏதாவது சந்தேகம் தயார் செய்து வைத்திருப்பாள்.

ஒரு ஞாயிறு காலை அவன் முன்னறையில் தன் அக்காவோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. அக்கா இருந்தது வேறு ஊரில். அங்கேயே வந்துவிடு என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது இவளுக்கு முன்பே தெரியும்.

"வர்றேன்க்கா. இங்க மூச்சு முட்டுது. எந்தக் கதவைத் திறந்தாலும் அவதான் நிக்கறா... இல்ல, இப்ப முடியாது. குளம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே கிளம்பிடறேன்."

கறையம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டை அவன் இவள் பெயருக்கே எழுதி வைத்துவிட்டுப் போவான் என்று அவளுக்குத் தெரியும், அவன் அப்படிப்பட்டவன். வீட்டைப் பற்றிக் கவலையில்லை. அவன் போய்விட்டால், "அவ இப்படிச் சொன்னா" என்று யாரிடம் சொல்வது? கேட்டுவிட்டு, "ஆமா, என்கிட்டயும் சொன்னா" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து அவள் பழைய கறையம்மாவானாள். மகள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது வெளிர்ப்பச்சை டைல்ஸ். ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்த்தாள். இது மங்கல், அதில் ஒரு புள்ளி, நாலாவது வரிசை கோணல். மேஸ்திரி பெயர்த்தார், ஒட்டினார், மறுபடி பெயர்த்தார்.

"அம்மா, இது தண்ணிக்குள்ள போற கல்லு. மீனு வந்தா பார்க்கப்போகுது?"

"மீனுக்குக் கண்ணில்லையா?"

இத்தனைக்கும் டைல்ஸ் வேலை ஒருநாள் முடியத்தான் செய்தது. தண்ணீர் நிரப்பினார்கள். கசிவு இருக்கிறதா என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும் என்றார் மேஸ்திரி. குளத்துச் சுவரில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துப் படியில் வைத்து, அதிலும் கோடு போட்டார்.

"வெயில் குடிக்கிறது ரெண்டுலயும் ஒரே அளவுதான். வாளியில குறையற அளவுக்குத்தான் குளத்துலயும் குறையணும். கூடக் குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்."

விடியற்காலையில் மருமகன் நடக்கப் போவான். திரும்ப முக்கால் மணி நேரமாகும். அதற்குள் கறையம்மா இருபத்துநாலு வாளி மொண்டு மதிலோரச் சாக்கடையில் ஊற்றினாள். அரை அங்குலம் குறைந்தது. மறுநாளும் இருபத்துநாலு. மேஸ்திரி வந்து பார்த்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மோட்டாரைக் கழற்றி மாட்டினார், குழாய் வாயை அடைத்துப் பார்த்தார், மூலை மூலையாகத் தடவினார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஐந்தாம் நாள் அவளுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. இன்றோடு சரி, குட்டு வெளிப்பட்டுவிடும் என்று படுத்திருந்தாள். ஆனால் அன்றும் அரை அங்குலம் குறைந்திருந்தது. நிஜமாகவே ஓட்டைதானோ என்று அவளுக்கே குழப்பமாகிவிட்டது.

ஏழாம் நாள் மேஸ்திரி சுத்தியலும் உளியுமாக வந்தார். கண் சிவந்திருந்தது.

"முப்பது வருஷமா கட்டறேன். ஒரு தொட்டி ஒழுகினதில்ல. என் தொழிலுக்கே கறை. இந்தப் பக்கத்து டைல்ஸ் பூரா உடைச்சு எடுத்து, என் செலவுல திரும்பப் போட்டுத் தர்றேன். அந்தப் பொண்ணு எம்மேல நம்பிக்கை வச்சு ஒப்படைச்ச வேலை."

மருமகன் வந்து பின்கட்டில் நின்றான். மேஸ்திரி உளியை வெளிர்ப்பச்சைமேல் வைத்தார்.

"உடைக்காதீங்க!" கறையம்மா ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "ஓட்டை இல்ல. நான்தான். நான்தான் மொண்டு ஊத்தினேன். பாவி, தினம் இருபத்துநாலு வாளி."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா?"

"குளம் முடிஞ்சா இவர் போயிடுவார்." மருமகன் பக்கம் கைகாட்டினாள். பிறகு, "ஆனா ஒரு நாள் நான் எடுக்கல. தோள் வலியில படுத்துட்டேன். அன்னைக்கும் குறைஞ்சிருந்ததே, அதுதான் எனக்குப் புரியல" என்றாள்.

மருமகன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அன்னைக்கு நான் எடுத்தேன் அத்தை."

"நீங்களா?"

"ரெண்டாம் நாளே பார்த்துட்டேன். சாக்கடைப் பக்கம் ஈரமா இருந்தது, உங்க சேலை ஓரமும் நனைஞ்சிருந்தது. நீங்க எழுந்திருக்கலன்னதும்... என்னமோ, எடுத்து ஊத்தினேன்."

மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டுக் குளத்து விளிம்பில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நானே வேலையை இழுத்திருப்பேனேம்மா. எங்களுக்குத் தெரியாத வித்தையா அது? சிமென்ட் வரலைன்னு சொல்லி ஒரு மாசம், ஆள் வரலைன்னு சொல்லி ஒரு மாசம். தண்ணியைச் சுமந்து தோளை ஒடிச்சுக்கிட்டீங்களே."

கறையம்மா சிரித்தாள். மகள் போன பிறகு முதல் சிரிப்பு. அது பாதியில் அழுகையாக உடைந்தது. மருமகன் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். எப்படித் தொடுவது என்று தெரியாமல், அவள் கையிலிருந்த சேலைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னால இங்க இருக்க முடியல அத்தை. உங்க மேல ஒண்ணுமில்ல."

"தெரியும் மாப்பிள்ளை. எனக்குத் தெரியாதா? போங்க. போயிட்டு வாங்க."

அடுத்த வாரம் அவன் கிளம்பினான். போகுமுன் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், குளோரின் எவ்வளவு போட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனான். முதலில் ஞாயிறு தவறாமல் கூப்பிட்டான். பிறகு மாதம் ஒரு முறை. பேச்சு முழுக்கக் குளத்தைப் பற்றியே இருக்கும். தண்ணீர் தெளிவா இருக்கா? இருக்கு. இலை விழுதா? விழுது, வலை போட்டு எடுத்துடறேன். மகளின் பெயரை இருவரும் எடுப்பதில்லை. இவள் எடுக்கலாம் என்று வாய் திறக்கும்போது அவன் "வச்சிடறேன் அத்தை" என்பான்.

இரண்டு வருடம் கழித்து மறுமணம் செய்துகொண்டான். அவனே சொன்னான். "நல்லது" என்றாள். அதைச் சொல்லும்போது குரல் பிசகாமல் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கோடையில் இருவரும் வந்தார்கள். புது மனைவி கலகலப்பானவள், கிட்டத்தட்ட மகளின் வயது. குளத்தைப் பார்த்ததும் "இறங்கட்டுமா?" என்று கேட்டாள். கறையம்மா தலையசைத்தாள். அதுவரை அந்தத் தண்ணீரில் யாரும் இறங்கியதில்லை.

அவள் நன்றாக நீந்தத் தெரிந்தவள். ஒரு சத்தமுமில்லாமல் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். மருமகன் பின்வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வண்டிக்குக் காற்று அடித்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை உயர்த்தினாள்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க தினமும் நீந்துவீங்களாம்மா?"

"எனக்குத் தெரியாது. என் பொண்ணுக்கும் தெரியாது. கத்துக்கத்தான் கட்டினா."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பதறினாள். புது மனைவி தண்ணீரிலேயே நின்றாள். நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் அசைந்தது.

"அவங்களைப் பத்திச் சொல்லுங்களேன். இவர் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். பீரோவுல ஒரு படம் இருக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கறையம்மா படியில் உட்கார்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தொண்டை வரை வந்த கோபத்தையும் விழுங்க வேண்டியிருந்தது; தன் மகளுக்கு என்று நிரப்பிய தண்ணீரில் இன்னொருத்தி நின்று கேட்கிறாள். ஆனால் கேட்க ஆள் வந்திருக்கிறது.

"தலைக்கு ஊத்தினாலே கத்துவா" என்று ஆரம்பித்தாள். "அவ்வளவு பயம் தண்ணின்னா."