குழல் வாய்க்கு மிக அருகில்

அப்பாவின் காலர் பொத்தான் துளையில் ஏறவே மாட்டேன் என்றது. உயிரோடு இருந்தபோதும் இதே ரோதனைதான். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழியாக அதை மாட்டி நிமிர்ந்தபோது, எதிரே சோடாபுட்டி மாமா நின்றிருந்தார். தோட்டா சோதனைக் கூடத்தில் அப்பாவோடு காலமெல்லாம் வேலை பார்த்தவர். அவளும் அங்கே அப்பாவுக்குக் கீழேதான் இருந்தாள், வேலையைவிட்டு அனுப்பும்வரை.

மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

“உன்ன மாதிரி பொண்ணு யாருக்கும்மா கிடைக்கும்? அப்பாவுக்காக அந்தப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டியே!”

“எந்தப் பழி மாமா?”

“அதான்மா, சென்சார் ஸ்டாண்டு. சரக்க எப்படியாவது தேத்தி அனுப்புன்னு மேல இருந்து நெருக்குனாங்க. ரிட்டயர் ஆகப்போற நேரம், பயந்துட்டாரு. குழல் வாய்க்குக் கிட்ட நகத்தி வச்சுட்டாரு. நீ தெரிஞ்சேதான் ஏத்துக்கிட்டேன்னு சொன்னாரே?”

அவள் கையை உருவிக்கொண்டாள்.

தோட்டா துப்பாக்கிக் குழலைவிட்டு வெளியே வந்த பிறகும் அதன் பின்னால் வரும் வாயு சும்மா இருக்காது. தோட்டாவை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, அதையே முந்திக்கொண்டும் பாயும். குழல் வாய்க்கு அவ்வளவு கிட்டே வேகம் அளக்கும் சென்சாரை வைத்தால் வாயுவைத் தோட்டா என்று எண்ணிக்கொண்டு இல்லாத வேகத்தைக் காட்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் இதை. ஆனாலும் வேகமில்லாத தோட்டாக்கள் லாரியோடு திரும்பி வந்தபோது, ஸ்டாண்டைத் தப்பாக வைத்தவள் அவள்தான் என்றார்கள்.

“நான் சரியாத்தான்பா வச்சேன்” என்று அன்றைக்கு அழுதாள்.

“அசதியில மறந்திருப்பே. விடும்மா, மனுஷங்கன்னா தப்பு நடக்கும்” என்றார் அப்பா.

நம்பினாள், பைத்தியக்காரி. தன் கையையே சந்தேகப்பட்டாள். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டாத மனுஷன் என்று, படுக்கையில் விழுந்தவருக்கு முகம் சுளிக்காமல் மலம் அள்ளினாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு, அதுவும் செய்தவரே பெரிய மனது பண்ணிக் கொடுத்தது! பெற்ற பெண்ணிடமா இந்த வேலை?

தலைமாட்டில் அம்மா, வந்தவர்களிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். “இவ வேலை போயி வந்து நின்னப்பகூட ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலியே அந்த மனுஷன்!”

மகள் அவள் அருகில் போய்க் குனிந்தாள்.

“அம்மா, அந்த ஸ்டாண்ட நகத்துனது அப்பாதானாம். உனக்குத் தெரியுமா?”

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. அவள் மகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்பாவின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் சுருக்கம் ஒன்றும் இல்லை. அம்மா அதை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.