ஓராண்டு உரிமை

விண்வெளியில் சுற்றும் எக்ஸ்-கதிர் தொலைநோக்கியில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தால் ஒரு சலுகை உண்டு. பதிவானதெல்லாம் ஓராண்டுக்குக் கேட்டவருக்கு மட்டுமே சொந்தம். அதன்பிறகு ஊருக்கே பொது.

ஆய்வகத்தில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் ஆய்வாளர், நாலாவது முறை விண்ணப்பித்து அந்த நேரத்தை வாங்கினாள். ஒரு கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அவள் அளந்து எழுதினால்தான் வேலை நிரந்தரம். பதினோராவது மாதம் அப்பா படுத்த படுக்கையானார். பக்கத்து மேசை அக்கா, எட்டு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்ட அக்கா, தைரியம் சொன்னாள்.

"நீ போய் அப்பாவைப் பாரு. உன் உரிமையை இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கச் சொல்லி நான் கடிதம் போட்டுடறேன்."

சின்னவள் கடவுச்சொல்லையும் பாதி எழுதிய கட்டுரையையும் கொடுத்துவிட்டுப் போனாள். யாராவது அப்படிக் கொடுப்பார்களா? இவள் கொடுத்தாள்.

அப்பா தேறியதும் திரும்பி வந்தாள். அறிவிப்புப் பலகையில் புதிய கட்டுரை ஒட்டியிருந்தது. வரைபடம் இவளுடையது, இவள் தேர்ந்தெடுத்த பச்சை நிறம் உட்பட. பெயர் மட்டும் அக்காவுடையது. ஓராண்டு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"கடிதம் போடலையா அக்கா?"

அக்கா டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "வருஷம் முடிஞ்சுது, பொதுவாயிடுச்சு. நான் எந்த விதியையும் மீறலையே."

"விதியையா நான் உங்ககிட்ட நம்பிக் கொடுத்துட்டுப் போனேன்?"

சின்னவள் பலகையிலிருந்து கட்டுரையைப் பிய்த்தெடுத்துப் புரட்டினாள்.

"கருந்துளையோட வெளிச்சத்துலேருந்து பின்னணியைக் கழிக்க, வெறும் வானம்னு எந்த மூலையை எடுத்தீங்க?"

"நீ எடுத்த அதே மூலைதான்."

"அது வெறும் வானம் இல்ல அக்கா. பக்கத்து நட்சத்திரத்தோட வெளிச்சம் அங்க சிதறி விழுந்திருக்கு. சரியா கழிச்சா, நீங்க போட்ட வேகத்துல பாதிகூடத் தேறாது."

அக்காவின் முகம் வெளுத்தது. கரண்டி கீழே விழுந்தது.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா? இப்படி என்னை மாட்டி விட்டுட்டியேடி!"

சின்னவள் பையிலிருந்து புதுக் கணக்குப் போட்ட நான்கு தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"முந்தாநாள் ஆஸ்பத்திரியிலதான் கண்டுபிடிச்சேன். உங்ககிட்டதான் முதல்ல காட்டணும்னு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்தேன்."