கர்ணத்தைச் சொல்லிவிட்ட அத்தை

முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை எதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? அத்தைக்கு மண்டை குடைந்தது.

அண்ணன் மகளுக்கு வீட்டில் வாயாடி என்றுதான் பெயர். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அதற்கும் சேர்த்து வாய் பேசும். அடுத்த வகுப்பில் கணக்கைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கணக்கு டீச்சர் பிடி கொடுக்கவில்லை. "வடிவியல் முழுக்கப் படம். இந்தப் பொண்ணு எப்படிச் சமாளிக்கும்?" என்று இழுத்தார். கடைசியில், அத்தை வேலை பார்க்கும் கணக்கு வெப்சைட்டில் வடிவியல் தேர்வைத் தானாகவே எழுதித் தேறினால் சேர்த்துக்கொள்வதாக இறங்கி வந்தார்.

அத்தை சும்மா இருப்பாளா? திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் குரல் ஒன்று வாயாடியின் கணினியில் உண்டு. படம் வந்தால் மட்டும் அது சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழிக்கும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அந்தக் குரல் படிப்பதற்கென்று ஒரு விளக்கம் எழுதினாள். ஒரு கோடு விடவில்லை. பிள்ளை அத்தையின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து தேர்வை எழுதியது. முடிவைப் பார்த்ததும் அத்தை குதித்த குதியில் மேசையில் இருந்த தண்ணீர் கொட்டியது. பிள்ளையோ ஹெட்போன் ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"உன் வாயிலேர்ந்து ஒண்ணும் இல்லைங்கிற வார்த்தையா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"மார்க்கை டீச்சருக்கு அனுப்பாதீங்க அத்தை. திரையை அணைச்சுட்டு நீங்களே ஒரு தடவை கேளுங்க. அப்புறம் பேசலாம்."

இதென்ன விளையாட்டு என்று அத்தை ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இருட்டுத் திரையிலிருந்து குரல் வந்தது. "படம். செங்கோண முக்கோணம். அடிப்பக்கம் மூன்று. உயரம் நான்கு. கர்ணம் ஐந்து." அடுத்து, "கேள்வி. கர்ணத்தின் நீளம் என்ன?"

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்ததும் அதே லட்சணம். விட்டத்தைச் சொல்லிவிட்டு விட்டத்தைக் கேட்டது. அடக் கடவுளே! மற்றவர்களுக்குக் கேள்விக்குறி போட்ட இடத்திலெல்லாம், பாவம் தெரியாதே என்று இவளுக்கு விடையையே ஊட்டிவிட்டிருக்கிறாள்.

"விளக்கமா எழுதணும்னுதான்டி பார்த்தேன்."

"எனக்குப் படம்தான் தெரியாது அத்தை. கணக்குத் தெரியும்."

அத்தைக்குச் சுருக்கென்றது. கூடவே பயமும் வந்தது. "திருத்திட்டா மறுபடி எழுதணும். கோட்டை விட்டா டீச்சர் சேர்க்க மாட்டாங்க. யோசிச்சியா?"

"யோசிச்சுதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கேன்."

விளக்கங்களையெல்லாம் அத்தை மறுபடி எழுதினாள். கேள்விக்குறி இருக்கும் இடத்தில் குரலும் "கேள்விக்குறி" என்றே சொல்லும்படி வைத்தாள். எண்களையும் மாற்றினாள். நடந்ததை டீச்சரிடம் வாயாடியே சொல்லிவிட்டாள். டீச்சர் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து எழுதச் சொன்னார். "சரி", "சரி" என்று வந்துகொண்டிருந்த குரல் ஓரிடத்தில், "தவறு" என்றது. பின்னால் நின்ற அத்தை டீச்சரின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதை எப்படிப் போட்ட?" என்றார் டீச்சர்.

"முக்கோணத்தோட பரப்பு. அடிப்பக்கம் ஆறு, உயரம் எட்டு. பெருக்கினா நாப்பத்தெட்டு..." வாயாடி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, பாதியாக்க மறந்துட்டேன்!"

டீச்சர் சிரித்துவிட்டார். "என் கிளாஸ்ல பாதிப் பேர் பண்ற தப்பு இது. கூட ஒருத்தி வந்தா நான் என்ன குறைஞ்சா போயிடுவேன்? திங்கக்கிழமை வந்து உக்காரு."

"அத்தை, கேட்டீங்களா? எனக்குத் தப்பு போட்டாங்க!" என்று திறந்த வாயை, வீடு போய்ச் சேரும்வரை அவள் மூடவே இல்லை.